டிஞ்சர் வாசம் அடித்த ஐந்தாவது புட்டி

என் அண்ணனுக்கு வாசனை போனது 1992 மார்ச்சில். ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியின் பிறந்த வீட்டு விசேஷம் முடிந்து இராஜபாளையம் திரும்பும்போது, குறுக்கே ஓடிய கன்றுக்குட்டிக்காக ஸ்கூட்டரைத் திருப்பி விழுந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். தையல் பிரித்து வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு, முழங்கால் வலி என்று சொல்லி வெளுப்புப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற ஆலை அது. வெளுத்து அலசிய துணியை அண்ணன் முகர்ந்து பார்த்து, பிளீச்சிங் வாசம் போய்விட்டது என்று தலையாட்டினால்தான் காயப்போடுவார்கள். யாரோ ஒருவரின் புண்ணில் படப்போகிற துணி. மூக்கு இல்லாமல் தலையாட்ட அவருக்கு மனம் வரவில்லை. முழங்காலைச் சாக்காக வைத்ததன் காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கண்டுபிடித்தவர் மதினி. ஜூன் மாதம் ஒருநாள் பெருங்காயமே போடாமல் ரசம் வைத்து, "பெருங்காயம் கூடிப்போச்சோ?" என்று கேட்டிருக்கிறார். "லேசாத்தான், நல்லாருக்கு" என்றாராம் அண்ணன். அன்று சாயங்காலம் மதினி என் வீட்டுக்கு வந்து, "தம்பி, அவிய மூணு மாசமா எல்லாத்தையும் நல்லாருக்குன்னு சொல்லுதாக. எனக்குப் பயமா இருக்கு" என்றார். குழம்பில் ஒரு குறையாவது சொல்லாமல் கை கழுவாத மனிதர் அவர். மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பு அடிபட்டிருக்கிறது, வாசனை வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர்.

நான் எதையும் புத்தகத்தில் தேடுகிறவன். நகர நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில மாத இதழில் சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் வடித்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்காக வைத்திருப்பது. அதில் நாக்கைவிட மூக்குக்கே வேலை அதிகம் என்று எழுதியிருந்தது. அண்ணன் மூக்கை அது கொஞ்சம் உசுப்புமோ என்று தோன்றியது. அண்ணன் விபத்துக்கு முன்பு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அளவு ரம் சாப்பிடுவார். அதையும் இப்போது விட்டுவிட்டார். "சுடுதண்ணிக்கு எதுக்குத் துட்டு?" என்பார்.

மகாராஜபுரத்துப் பள்ளித் தோழன் ஒருவன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அவனுக்கு எழுதினேன். கட்டுரையிலிருந்து எழுதி வைத்திருந்த விலைப்பட்டியலில் இருந்ததிலேயே வயது கூடிய பதினெட்டு வருடத்துச் சரக்கை வாங்கிவரச் சொன்னேன். அண்ணனுக்கு வாங்குவதில் உயர்ந்ததாக இருக்கட்டும் என்ற எண்ணம். அவன் பதில் எழுதினான்: "வயசைப் பாத்து வாங்காதடா. வயசு கூடக்கூட விலைதான் நிச்சயமாக் கூடும். உங்கண்ணனுக்கு எது ஒத்துக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காசுக்குள்ள அஞ்சு குட்டிப் புட்டி வாங்கி அனுப்புதேன், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததா. பிடிச்சது எதுன்னு தெரிஞ்ச பொறவு பெரிய புட்டி வாங்கிக்கலாம்." பல வருடம் அங்கே இருந்தவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஐந்து புட்டிகளும் 1993 செப்டம்பரில், ஊருக்கு வந்த ஒருவர் கையில் வந்தன. இருமல் மருந்துப் புட்டியைவிடச் சிறியவை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்தோம். ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். முதலில் மதினி முகர்ந்து சொல்ல வேண்டும், பிறகு அண்ணன் குடித்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"எங்க வீட்டுல தெரிஞ்சா என்னைய உள்ள சேக்க மாட்டாக" என்றார் மதினி. ஆனாலும் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு முகர்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வீட்டில் பிறந்தவர். முதல் புட்டிக்கு, "பால் சுண்டி வரும்போது அடிக்குமே, அது" என்றார். கூட வந்த தாளில் வெண்ணிலா என்று போட்டிருந்தது. இரண்டாவது, பழுத்த சப்போட்டா. மூன்றாவது, கருப்பட்டியில் ஊறிய பேரீச்சம்பழம். நான்காவது, தச்சுப்பட்டறை.

ஒவ்வொன்றுக்கும் துளி தண்ணீர் விட்டு அண்ணனிடம் கொடுத்தேன். நான்குக்கும், "நல்லாருக்கு" என்றார். என் கட்டத்தில் நான்கு முறை அதையே எழுதினேன். அவரும் அதைப் பார்த்தார். "வேற என்னலே சொல்ல? தொண்டையில எரியுது. எரியுதுன்னு எழுதிக்கோ" என்றார்.

அந்த நேரத்தில் தெருவில், "தண்ணி வந்துருச்சு" என்று சத்தம். நாலு நாளாக வராத குழாய்த் தண்ணீர். அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் ஐந்தாவதைத் திறந்தேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தம்பி, இது டிஞ்சர்."

நானும் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. பேண்டேஜ் பொட்டலம் கட்டுகிற அறையின் வாசம், மேலே கொஞ்சம் அடுப்புப் புகை. கட்டுத்துணி நெய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் வேறு எண்ணம் வராது. வழியில் எவனோ உள்ளே இருந்ததைக் குடித்துவிட்டு, காயத்துக்குப் போடுகிற மருந்தை ஊற்றி மூடியிருக்கிறான்.

"அவியகிட்ட குடுத்துறாதீக, வயித்துக்கு ஏதும் ஆயிரப்போவுது" என்றார் மதினி. முற்றத்துச் சாக்கடையில் நான் பாதிக்கு மேல் ஊற்றிவிட்டேன். மீதியைத் தோழன் ஊருக்கு வரும்போது காட்டிக் கேட்கலாம் என்று மூடி வைத்தேன்.

அண்ணன் இரண்டாவது குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தவர், சாக்கடைப் பக்கம் நின்றார்.

"ஏலே, இங்க என்னத்தலே ஊத்துன? பேக்கிங் ரூம் மாதிரி நாறுது."

குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவர் தோளில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். பிறகு குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

மீதிப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் கூட வந்த தாளில் ஐந்தாவதைப் பற்றி இருந்ததையும் படித்துவிட்டேன். புகை, கடற்பாசி, மருந்து என்று அச்சிட்டிருந்தது. கரி போன்ற ஒரு மண்ணைக் கொளுத்தி, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். கெட்டுப்போன சரக்கு இல்லை, அப்படியே செய்கிற சரக்கு.

அண்ணன் முகர்ந்தார். கண்ணை மூடி மறுபடியும் முகர்ந்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

"தூ. நல்லாவே இல்ல" என்றார்.

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். செத்த நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். நான் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அன்று சாப்பாட்டில் அவருக்கு வேறு எந்த வாசமும் தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஊறுகாய் ஜாடி, காப்பித்தூள், மல்லித்தழை என்று மதினி வரிசையாகக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில், "விடுட்டி, ஒரே நாள்ல எம்புட்டு?" என்றார்.

பெரிய புட்டி எது வேண்டும் என்று தோழனுக்கு எழுதவேண்டியிருந்தது. விலைப்பட்டியலில் பார்த்தேன். டிஞ்சர் வாசத்துக்காரனுக்குப் பத்து வயதுதான். நான் முதலில் கேட்ட பதினெட்டு வருடத்துச் சரக்கின் விலையில் பாதிகூட இல்லை.

"அதையே வாங்கியாரச் சொல்லுங்க தம்பி" என்றார் மதினி.

"எனக்குப் பிடிக்கலேங்கேன், அதைப் போயி வாங்கச் சொல்லுத" என்றார் அண்ணன்.

"பிடிக்கலேன்னு தெரியுதுல்லா. தினம் ஒரு மூடி மோந்து பாத்துட்டு, நல்லா இல்லேன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."