மைக்கின் மேல் சிவப்புக் கோடு

அன்புச்செல்விக்கு என்ன வேலை என்று கீழ்பென்னாத்தூரில் யாரைக் கேட்டாலும், "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு, கேக்குதா கேக்குதான்னு கத்துமே, அந்தப் பொண்ணா?" என்பார்கள். பாதி உண்மைதான், என்ன செய்வது! வீடியோவில் கூட்டம் நடத்துவதற்கான மென்பொருளைச் செய்கிற ஒரு சின்ன சென்னைக் கம்பெனி அது. அதில் புதிதாக எதைச் சேர்த்தாலும், வெளியே விடுவதற்கு முன்னால் அதை உருட்டிப் புரட்டி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவள் அவள். வீட்டிலிருந்தே வேலை. உடைப்பதற்குக்கூடச் சம்பளம் கொடுப்பார்களா என்று அவளுடைய அம்மா பொன்னிக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை.

அவளிடம் மாட்டிக்கொள்ளாத ஆள் அந்த வீட்டில் கிடையாது. அப்பா பலராமன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "நான் இப்ப அமெரிக்காவுல இருந்து பேசறேன்" என்று போனில் கூவியிருக்கிறார். சிக்னல் கம்மியான இடத்தில் குரல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். மென்பொருள் எழுதுகிறவர்கள் "எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் விடமாட்டாள். "ஓடட்டுங்க, எங்க ஊருல ஓடலையே!" என்று ஒரே போடாகப் போடுவாள். அந்த வேலை அவளுக்கு அப்படிப் பிடித்திருந்தது. சோறு தண்ணி மறந்து செய்கிற அளவுக்குப் பிடித்திருந்தது.

அதனால்தான் கல்யாணப் பேச்சு வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வேலையை விட மாட்டேன். அந்த நிபந்தனையைக் கேட்டதுமே இரண்டு வரன்கள் நழுவிப் போயின. பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தவன் சக்திவேல். ஓசூரில் வேலை, சொந்த வீடு அடி அண்ணாமலையில். அவன் அம்மா சரோஜா கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறவள். "பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டும்" என்று தரகர் வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொன்னி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள்.

பெண் பார்க்க வரும் நாள்தான் வம்பாகிப் போனது. பௌர்ணமிக்குத்தான் சக்திவேலுக்கு லீவு. நாளும் நல்ல நாள். ஆனால் பௌர்ணமியன்று அடி அண்ணாமலையிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடியுமா? பாதை முழுக்க ஜனம். சரோஜாவாலும் கடையை விட்டு நகர முடியாது, மாதத்தில் வியாபாரமே அந்த ஒரு நாள்தானே. "முதல்ல போன்ல பாத்துக்கலாம், அப்புறம் நேர்ல வரோம்" என்றார்கள். சக்திவேல் சிரித்துக்கொண்டே, "உங்க கம்பெனி ஆப்புலயே பேசலாமே" என்று வேறு சொல்லிவிட்டான். அன்புச்செல்விக்குத் தரையில் கால் பாவவில்லை. உடனே லிங்க் அனுப்பினாள்.

அனுப்பியது தப்பான லிங்க். அந்தக் கம்பெனியின் ஆப்புக்கு இரண்டு வாசல், வாசலுக்கு ஒரு லிங்க். ஒன்று வாடிக்கையாளர்களுக்கு. இன்னொன்று சோதனைக்கு, அடுத்து வெளியாகப் போகிற மாற்றங்களெல்லாம் முதலில் அங்கேதான் ஓடும். தினமும் அந்த இரண்டாவது லிங்க்கையே எல்லோருக்கும் அனுப்பிப் பழகிய கை, அன்றைக்கும் அதையே அனுப்பிவிட்டது. பேச ஆரம்பித்த பிறகுதான் திரையின் மேலே 'சோதனை' என்கிற பட்டையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். போகட்டும், இந்த அப்டேட்டை நேற்று நாமேதானே சோதித்துப் பார்த்து பாஸ் போட்டோம், ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சரோஜா புடவையின் நிறத்தைப் புகழ்ந்தாள். சக்திவேல் கேட்டதற்கெல்லாம் தன்மையாகப் பதில் சொன்னான். பலராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"தரகர் சொல்லியிருப்பாரு. இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை கேட்டுடணும். பொண்ணு வேலைய விடாது. அதுல உங்களுக்கு சம்மதந்தானுங்களே?"

"ஒரு நிமிசம்ணா, எங்களுக்குள்ள பேசிட்டுச் சொல்லிடறோம்" என்றாள் சரோஜா. சக்திவேல் மைக்கை அணைத்தான். அவர்கள் படத்தின் ஓரத்தில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் போயிற்று. லட்சம் பேர் போனைத் தூக்கிக்கொண்டு மலை சுற்றும்போது அது எங்கே நிற்கும்? திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு இணைப்பு திரும்பியது. படம் உறைந்தே கிடந்தது. சிவப்புக் கோடும் இருந்தது. ஆனால் குரல் கணீரென்று கேட்டது.

அன்புச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைக் அணையவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சரோஜா பேசிவிட்டாள்.

"சரின்னு சொல்லி வைடா. மொதல்ல தாலி ஏறட்டும். ஒரு புள்ள பொறந்தா வேலையாவது மண்ணாவது, தானா விட்டுடுவா."

"சரிம்மா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் சக்திவேல். குரலில் சிரிப்பு கேட்டது.

இங்கே பொன்னிக்கும் கேட்டது, பலராமனுக்கும் கேட்டது. படம் அசைந்தது. சக்திவேல் சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டு, "எங்களுக்கு முழு சம்மதங்க" என்றான். முகத்தில் அதே தன்மை.

பொன்னி மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். "வாயத் தொறக்காத. எல்லா வீட்டுலயும் இதத்தான் பேசுவாங்க. நமக்குக் கேட்டுப்போச்சு, அவ்ளோதான்" என்று காதோடு சொன்னாள்.

"கேட்டாச்சேம்மா" என்றாள் அன்புச்செல்வி. திரையைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க மைக் ஆஃப் ஆகலைங்க. நீங்க பேசினது எல்லாம் கேட்டுது. மன்னிச்சுடுங்க, இது சரிவராது." இணைப்பைத் துண்டித்தாள். பொன்னி ஒரு மூச்சு கத்தித் தீர்த்தாள். பலராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் இனி நேரில் வரவேண்டாம் என்று தரகருக்குப் போன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் சக்திவேலே கூப்பிட்டான். "வேணும்னேதான டெஸ்ட் லிங்க் அனுப்பினீங்க?"

"இல்லைங்க. கைப்பழக்கத்துல அனுப்பிட்டேன். அது என் தப்புதான்."

"சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறு. அதுக்குப் போய் ஒரு கல்யாணத்த நிறுத்துவீங்களா?"

"சாஃப்ட்வேர் கோளாற சரி பண்ணிடுவாங்க. நீங்க பாத்துக்கலாம்னு சொன்னீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அழுதாள். நன்றாகவே அழுதாள். அவனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, டீம் லீட் வினோதினியைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை அந்த அப்டேட் வெளியாக வேண்டியது.

"ரிலீஸை நிறுத்துங்கக்கா. மியூட்ல இருக்கறப்ப நெட் போய்த் திரும்பி வந்தா, கோடு மட்டும் இருக்குது, குரல் வெளிய போவுது."

"என்னடி, நேத்து நீதானே பாஸ் போட்ட?"

"நான்தான் போட்டேன். மியூட்ட தனியா பாத்தேன், நெட் போறத தனியா பாத்தேன். ரெண்டையும் சேத்துப் பாக்கல. தப்பு என்னுதுதான்."

"அவங்க மியூட் போட மறந்திருப்பாங்க. ஜனங்க அப்படித்தான். நீ நல்லாப் பாத்தியா?"

அன்புச்செல்வி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "கோட்ட நான் கண்ணால பாத்தேன்கா. அதுகூட வேணாம். மைக் ஆன்ல இருக்குன்னு தெரிஞ்சா அத சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

வினோதினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க வீட்டுல எல்லாரும் என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்கடி. நானும் சரின்னு தலையாட்டிட்டு மூணு வருஷம் வீட்டுல இருந்தேன். ரிலீஸை நான் நிறுத்தறேன், நீ போய் சாப்பிடு."