வேலை இல்லை என்று எழுதினேன்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வருமானவரி பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார். சும்மா கேட்பது எப்படி என்று ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். கையில் பாரம், மூக்கில் கிழங்கு வாசனை. அவ்வளவுதான், "இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன், எண்பது தாண்டிவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பேராங்கில் நான் வரி பாரம் எழுதுகிறவன். கடைகளுக்கு வரி கேட்கும் இரண்டு மாதம் மட்டும்தான் அந்த வேலை. வெள்ளைக்காரன் ஓடியதும் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை போய், அரைப்பட்டினியில் கிடந்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். மூன்று வாரம் பயிற்சி. ஜப்பான் எழுத்தும், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதும் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசை பார்த்துக் குனியவேண்டும். சரியாகக் குனியாதவன் கன்னத்தில் அறை விழும். எனக்கு ஒரு தடவைதான் விழுந்தது. அதற்குப் பிறகு என்னைப்போலக் குனிய ஆளே கிடையாது! புஜத்தில் கட்டும் உத்தியோகக் கைப்பட்டை கொடுத்த அன்று, போட்டுப் பார்க்கக் கண்ணாடி தேடி ஓடினேன். வெட்கக்கேடு.

கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு உட்காருவேன். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை யார் மதித்தார்கள்? கூலி பெரும்பாலும் மரவள்ளிதான்.

அதே தெருவில் கடை வைத்திருந்த மாரியக்கா கணவரை இழந்தவர், மசாலா அரைத்து விற்றார். அவர் தம்பி ராமுதான் கடைக்குக் கையும் காலும். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரை மசாலா கொண்டுபோவான். கடையில் வேலை செய்யும் ஆளுக்குத் தனி வரி.

"இவ்வளவு கட்டணும்னா கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான் தம்பி," என்றார் அக்கா, அழாத குறையாக.

நான்தான் மேதாவியாயிற்றே. "ராமுவ வேலையாள்னு போட்டாத்தானக்கா வரி? வீட்ல சும்மா இருக்கான்னு போட்ருவோம்."

ராமு சிரித்தான். "காலையிலேருந்து மிதிமிதின்னு மிதிக்கிறேன், என்னையப் போயி சோம்பேறின்னு ஜப்பான்காரனுக்கே எழுதிக் குடுக்குறீங்களாண்ணே?"

வயது இருபத்திரண்டு, வேலை இல்லை என்று ஜப்பான் எழுத்தில் அழகாக எழுதினேன். வரி பாதியாகக் குறைந்தது. அக்கா ஒரு கூடை கிழங்கு கொடுத்தார், நானும் வக்கணையாகச் சாப்பிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் லாரி வந்து நின்றது. சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தவர்கள். சும்மா இருக்கிற ஆண்கள் யார் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்கள்? அதிகாரி கையில் நான் எழுதிய பாரங்கள் இருந்தன. என் எழுத்து எனக்குத் தெரியாதா?

அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடையில வேலை செய்றவன்னு சொல்லு தம்பி! ஒனக்குத்தான் அவங்க பாஷை தெரியுமே!"

இரண்டே சொல். பயிற்சியின் முதல் வாரமே படித்தது. ஆனால் சொன்னால் பாரம் பொய்யாகிவிடும். பொய்ப் பாரம் எழுதியவனை என்ன செய்வார்கள் என்பதும் பயிற்சியில்தான் படித்தேன். அதிகாரி முன்னால் போய்க் குனிந்தேன், காலை வணக்கம் மட்டும் சொன்னேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேன்க்கா, கேக்க மாட்டேங்கிறாரு" என்றேன்.

"மூணு மாசந்தானாம்க்கா, சைக்கிள யாருக்கும் குடுத்துடாத!" என்று லாரியிலிருந்து கத்தினான் ராமு.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமில் மிஞ்சியவர்கள் எலும்பும் தோலுமாகத் தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அக்கா ஒவ்வொரு ரயிலுக்கும் போனார். துணைக்கு நானும் போனேன். ராமு வரவேயில்லை. ஒருநாள் திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "அன்னிக்கு அவனுக்காக வாயத் தொறந்து பேசுனது நீ ஒருத்தந்தான்யா."

அடுத்த ரயிலுக்கும் துணைக்குப் போனேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அக்கா போய்ச் சேர்ந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் என் முகத்தில் காறித் துப்பியிருப்பார். துப்புவதற்கு இப்போது ஒருவரும் இல்லை.