ஒரு நிமிடக் கைதட்டல்

இன்று குரோய்டனில் அமெச்சூர் ரக்பி லீக் கோப்பைப் போட்டி. பக்கத்து வீட்டு சிவம் அண்ணையோடு போயிருந்தேன். போன மாதம் விபத்தில் இறந்த அவருடைய மகன் இன்று ஆடிய அணிகளில் ஒன்றில்தான் விளையாடினான்.

ஆட்டத்துக்கு முன் அவனுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் கைதட்டினார்கள்.

அண்ணை திகைத்துப்போனார். "செத்ததுக்கு ஏன் தம்பி கைதட்டுகினம்?"

"அவன்ர விளையாட்டுக்குத் தட்டுகினம் அண்ணை. இஞ்ச அஞ்சலி இப்பிடியும் செய்வினம்."

"எத்தினை தரம் கூப்பிட்டவன். சனிக்கிழமை ஷிப்ட் எண்டு நான் ஒருநாளும் வரேல்லை."

பிறகு அவரும் தட்டினார். நடுவர் விசில் ஊதி, ஆட்டம் தொடங்கிய பிறகும் தட்டிக்கொண்டே நின்றார்.

யார் வென்றது என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையின் அடுத்த போட்டி எப்போது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் இனிமேல்தான் மகளிடம் கேட்க வேண்டும்.