மாமாவின் காலுக்கு ஒரு கடதாசி

எங்கள் மாமா தென்னை மரத்தால் விழுந்துதான் நொண்டியானார் என்பது ஊரறிந்த கதை. அந்த மரமும் அவருடையதல்ல, அடுத்தவன் தோட்டத்து மரம், களவாக ஏறினவர் என்று கதைக்குக் கைகால் வேறு வைத்திருந்தார்கள். அதனால் அவருக்குக் குரும்பட்டி, உதிர்ந்து விழும் தென்னம்பிஞ்சு, என்று பெயர். அவருடைய பிள்ளைகள் குரும்பட்டியின் பிள்ளைகள். கல்முனைப் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஆள் செத்து மையத்தோடுதான் போகும். சிலருக்கு அப்போதும் போகாமல் பேரப்பிள்ளைக்கு இறங்கிவிடும்.

உண்மையில் நடந்தது வேறு. மாமா என் உம்மாவின் ஒரே காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் காக்கி உடுப்பும் இலக்கமும் கொடுத்து ஆள் சேர்த்த வேலைப்படையில் இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று மூட்டை இறக்கிக்கொண்டு நின்றவரின் இடது கால் முறிந்தது. அங்கேயே சமையற்கட்டில் கூலிக்கு வேலை செய்த அவருடைய கூட்டாளி அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஊர் சேர்த்தார். அந்தக் கூட்டாளிதான் என் வாப்பா.

அப்படியானால் தென்னை மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வீட்டாரேதான் நட்டார்கள். படையில் இருந்து பாதியில் வந்தவனைப் பொலிஸ் தேடி வரும், பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். யார் கேட்டாலும் மரத்தால் விழுந்தான் என்று சொல்லுங்கள் என்று பேசிவைத்தார்கள். பொலிஸ் வரவே இல்லை. ஆனால் அதற்குள் மரக்கதை சந்தைக்குப் போய், களவையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. சண்டை முடிந்த பிறகு உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? குரும்பட்டிக்கு இப்போது பட்டாளக் கதையும் வந்துவிட்டது என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை மாமா முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பொறுத்தார். எழுபத்தொன்பதோ எண்பதோ, அவருடைய கடைசி மகளின் கலியாணத்தன்றுதான் பொறுமை போனது. ஆறு பேர் ஒரு சஹனை, ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், பெரிய மனிதர் வேறு, இறைச்சியைப் பிய்த்துக்கொண்டே, "சம்பந்தி, இளநீர் இல்லையா? ஒங்களுக்குத்தான் மரம் ஏறத் தெரியுமே" என்றாராம். சொந்த மகளின் பந்தியில் மாமா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போக நான் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறேன். மாமாவின் தடிச் சத்தம் வாசலில் கேட்டது.

"மகள், நீ இங்கிலீசு படிச்சது என்னத்துக்கு?"

நான் அப்போது புதிதாக நியமனம் கிடைத்த ஆங்கில ஆசிரியை. தலைக்கனம் கொஞ்சமல்ல. ஊரில் ஆருக்கு என்ன விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத் தேடி வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காலம்.

"மட்டக்களப்பில ஒரு ஆளுக்கு லண்டன்ல இருந்து காயிதம் வந்திரிக்காம். பழைய பட்டாளத்து ஆள். எனக்குச் சல்லி வேணாம் புள்ள, பென்சனும் வேணாம். என்ட கால் சண்டையிலதான் முறிஞ்சது எண்டு வெள்ளைக்காரன் ஒரு காயிதம் தந்தாப் போதும். கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டிருவன். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. படை இலக்கம் மட்டும் மனதில் இருந்தது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை வைத்து எழுதினேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெயரேட்டில் தேடுகிறார்களாம், காயப்பட்டதைக் கண்ணால் கண்ட ஒருவரின் சத்தியக்கடதாசி வேண்டுமாம்.

வாப்பாவுக்கு வந்த சந்தோஷப் புளுகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் வழித்து, பெட்டியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டு, சாய்வுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவர் அதில் சாய்ந்து இருந்துதான் பார்த்திருக்கிறேன். மாமா பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். நான் கொப்பியும் பேனையுமாக எதிரே.

அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டவள் நான். ஆனாலும் அன்று எழுதுவதற்காகக் கேட்டேன். ஆசுபத்திரிக்குள் இடமில்லை, விறாந்தையெல்லாம் ஆட்கள். மாமாவின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். காய்ச்சலில் என்னவோ பிதற்றுகிறார். வெளியே செத்தவர்களை லொறியில் ஏற்றுகிறார்கள்.

"எல்லாரையும் ஒரே கிடங்கில போட்டு மூடுறாங்க மகள். ஆரு என்ன மார்க்கம் எண்டு பாக்க ஆளில்ல. இவனும் அதுக்குள்ள போயிருவானோ எண்டு எனக்கு நெஞ்சு பதறிச்சு. மௌத்தாகிற நேரம் காதுக்குள்ள கலிமா சொல்லிக் குடுக்க ஒரு மனிசன் வேணாமா? உம்மாட கண்ணில காட்டாம மண்ணுக்குள்ள வைக்கிறதா? மூணாம் நாள் விடியச் சுபஹு தொழுதன். தோள்ல தூக்கிப் போட்டன். வந்துட்டன்."

"டொக்டரிட்டக் கேட்டீங்களா வாப்பா?"

"கேட்டா விடுவானா, விசரி? ஒருத்தனுக்கும் சொல்லாமத்தான் கொண்டு வந்த!" தொடையில் தட்டிச் சிரித்தார்.

பெரியநீலாவணை மீன்காரர் சிலர் அந்தப் பக்கம் வாடி போட்டுத் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஊர் திரும்பிய அவர்களுடைய வள்ளத்தில் இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று நாள் கடல். மாவுக்கட்டு உப்புத் தண்ணீரில் ஊறிக் கரைந்தது, கால் வீங்கியது, மாமா கத்திய கத்தலில் வள்ளக்காரர் பயந்து போனார்கள். வாப்பாதான் மீன் வெட்டும் கத்தியால் கட்டை அறுத்து எறிந்தார். ஊர் வந்த பிறகு நாட்டு வைத்தியரான முறிவுப் பரிசாரியார் எண்ணெய் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். உயிர் தப்பியது. கால் மட்டும் குட்டையாகிப்போனது.

"அந்தத் தூக்குக் கூலிக்குத்தானே என்னை இவருக்குக் குடுத்தாங்க" என்று குசினிக்குள் இருந்து உம்மா குரல் கொடுத்தா. எல்லோரும் சிரித்தோம். பொய்யில்லை. காக்காவைச் சாக விடாமல் கொண்டு வந்தவனுக்குத்தான் தங்கச்சி என்று அன்றைக்கே முடிவாகியிருந்தது. நானும் என் சகோதரர்களும் பிறந்ததே அந்த ஆசுபத்திரி விறாந்தையால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. 'எவருடைய அனுமதியும் பெறாமல், எவருக்கும் அறிவிக்காமல், என் சொந்தத் துணிவில்' என்ற கருத்தில் ஒரு நீண்ட ஆங்கில வசனம் போட்டேன். அகராதி பார்த்துப் போட்டது. வாப்பாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னபோது, "அப்பிடித்தான், அப்பிடியே இரிக்கட்டும்" என்றார். சமாதான நீதவான் கையொப்பமும் முத்திரையும் வைத்தார். எனக்கு அந்த வசனத்தில் அவ்வளவு பெருமை. மடைச்சி.

கடிதம் போன அடுத்த நாளே வாப்பா தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல், வயல் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. மச்சானுக்கு லண்டனில் இருந்து காயிதம் வருது, இனி எவனாவது குரும்பட்டி என்று சொல்லட்டும் பார்ப்போம் என்று சவால் வேறு. ஒன்றரை வருடம் ஊரே காத்திருந்தது.

பதில் வந்த நேரம் வாப்பா அறுவடைக்கு வயலில் நின்றார். அதற்காக அல்லாஹ்வைப் புகழ்கிறேன், வேறென்ன செய்ய. வாசலில் நின்றபடியே வாசித்தேன். ஒரு பக்கம்தான். மரியாதையான கடிதம்.

மாமாவின் பெயரும் இலக்கமும் ஏட்டில் இருக்கின்றன. குண்டுவீச்சில் இடது கால் முறிந்து ஆசுபத்திரியில் சேர்க்கப்பட்டதும் இருக்கிறது. சாதாரண முறிவு, எலும்பு சரியாகப் பொருத்தப்பட்டது, ஆறு கிழமையில் முன்போல் நடப்பார் என்று வைத்தியர் குறித்திருக்கிறார். மூன்றாம் நாள் நோயாளி அனுமதியின்றி வெளியேறிவிட்டார். ஆகவே படையை விட்டு ஓடியவர் என்று பெயர் வெட்டப்பட்டது. அனுமதியின்றியே கொண்டு செல்லப்பட்டார் என்பதைச் சாட்சியின் சத்தியக்கடதாசியும் உறுதிசெய்கிறது. இப்போதுள்ள ஊனம் சிகிச்சை இடையில் நிறுத்தப்பட்டதால் வந்தது. எனவே விண்ணப்பத்தைக் கவனத்தில் எடுக்க முடியாமைக்கு வருந்துகிறார்கள். கீழே கையொப்பம்.

மாமாவிடம் அதை மறைத்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அவர் வீட்டுக்கு ஓடிப்போய், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'ஓடியவர்' என்ற வரியைத் தாண்டி, வைத்தியர் குறித்த வரிக்கே அவர் திரும்பினார்.

"எத்தின கிழமை எண்டாய்?"

"ஆறு."

"ஆறு கிழமையா? யா அல்லாஹ்! ஆறு கிழமையில எழும்பி நடந்திரிப்பன் மகள்! இந்தக் காலை நாப்பது வருசமா இழுத்துக்கொண்டு திரியிறனே... உன்ட வாப்பா என்னைத் தூக்காம இருந்திருந்தா..." மிச்சத்தை விழுங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழப் பயமாகவும் இருந்தது.

பிறகு கேட்டார்: "கால் குண்டுக்குத்தான் முறிஞ்சது எண்டு அதுல இரிக்கா?"

"ஓம் மாமா, இரிக்கி."

"அப்ப கத்திரிக்கோல் எடு. அந்த இடத்தை மட்டும் வெட்டித் தா."

எடுத்து வந்தேன். வெட்டப் போகும்போது, "கையொப்பம் எங்க?" என்றார்.

"ஆகக் கடைசியில, மாமா."

"கையொப்பம் இல்லாட்டி அது என்ன காயிதம்?" என்று கத்திரிக்கோலை என் கையில் இருந்து வாங்கி வைத்துவிட்டார். முழுதாக மாட்டவும் முடியாது. எங்கள் ஊரில் வீட்டுக்கொரு ஆசிரியர், இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவனுக்குப் பஞ்சமில்லை. ஒருவன் வாசித்தால் அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் வாப்பாவின் பெயர் நாறும். "இதை நீயே வச்சுக்கொள். வாப்பாக்குத் தெரியவே கூடாது" என்றார் மாமா.

அதோடு அவருக்கு மனம் ஆறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆறவில்லை. மூன்று மாதம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவர் பிறந்த வீடு அது, உம்மாவுக்குச் சீதனமாக வந்தது. பள்ளிவாசலில் வாப்பா முதலாம் வரிசையில் நின்றால் அவர் மூன்றாம் வரிசைக்குப் போனார். வாப்பா புது நெல் அரிசி அனுப்பினார், எடுத்துக்கொண்டார், ஒரு சொல் அனுப்பவில்லை. "நான் அவனுக்கு என்ன குத்தம் செஞ்சன்?" என்று வாப்பா உம்மாவைக் கேட்பார், என்னைக் கேட்பார், சோற்றைப் பிசைந்தபடி தன்னையே கேட்பார். நான் கொப்பி திருத்துவது போல் குனிந்துகொள்வேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று மாமா வந்தார். வாப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்.

"காயிதம் வந்திச்சா மச்சான்?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "வரல்ல மச்சான். வெள்ளைக்காரனுக்கு நம்மளை ஞாபகம் இரிக்கவா போகுது?"

"விடுறதா? இன்னொண்டு எழுதுவம். நான் உன்னைக் கொண்டு வந்ததை இன்னும் வடிவாச் சொல்றன். மகள், எடு பேனையை!"

எழுதினேன். வாப்பா சொல்லச் சொல்ல, மாமா கேட்டுக்கொண்டிருக்க, அதே ஆசுபத்திரி, அதே வள்ளம், அதே கத்தி. மாமா நடுநடுவே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. முத்திரை ஒட்டினேன், தபாற்பெட்டியில் போடவில்லை. அதன் பிறகும் இரண்டு தடவை எழுதவைத்தார். மூன்றும் அலுமாரிக்குள் லண்டன் கடிதத்தோடு கிடந்தன.

ஊர் விடுமா? வாப்பா அவ்வளவு தம்பட்டம் அடித்து வைத்திருந்தாரே. இப்போது மாமா லண்டன் குரும்பட்டி. கடைக்குப் போனால், கப்பல் வரத் தாமதமோ என்று கேட்டார்கள். அவரோ சீனியை வாங்கிக்கொண்டு வருவார். பிறகு எங்கள் பக்கத்திலேயே சண்டை மூண்டது. தெருவுக்குத் தெரு புதுக் காயம், கை போனவன், மகனைப் பறிகொடுத்தவள். நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு காலைப் பற்றிக் கதைக்க மாமாவுக்கே வெட்கம். அவர் கேட்பதை நிறுத்தினார். வாப்பா நிறுத்தவில்லை.

எண்பத்தாறில் மாமா மௌத்தானார், நெஞ்சுவலி. கடைசி நேரம் வாப்பாதான் காதில் கலிமா சொல்லிக் கொடுத்தார். ஜனாஸாவுக்கு வந்தவர்களுக்கு வீடு காட்டிய பொடியன்கள் குரும்பட்டி வீடு என்றே காட்டினார்கள். என் காதால் கேட்டேன். அந்தப் பொடியன்களின் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு வேறு பெயர் தெரியாது.

மாமாவை அடக்கிவிட்டு மையவாடியால் வந்து வாப்பா கதிரையில் இருந்தார். சால்வையை மடியில் போட்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன்.

"மகள்."

"என்ன வாப்பா?"

"அண்டைக்கு நான் அவனைத் தூக்கிக்கொண்டு வராம அங்கேயே விட்டிருந்தா?"

பின்னால் அலுமாரி. நான் அதன் பக்கம் திரும்பவில்லை.

"மௌத்தாகிப் போயிருப்பார் வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லித் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.