கடல் தாண்டி வந்த தீட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டல் வேலாயுதத்தின் மீசை கிள்ளான் வரைக்கும் பிரசித்தம். தண்டவாளம் போடும் ஆட்களை மேய்க்கிறவருக்கு அது போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவருக்குப் போதவில்லை. திருவிழாவில் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்க வேண்டும். வருஷாவருஷம் அதை வாங்கிக்கொண்டிருந்த மளிகைக்கடைத் தம்புசாமி கோயில் கூட்டத்தில் வைத்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுவிட்டார். வேலாயுதத்துக்குத் தாத்தா பெயரே தெரியாது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தன் அப்பா ரப்பர்ப் பால்மரம் சீவிய மேரு தோட்டத்து ஆபீஸில் போய் நின்றார் வேலாயுதம். பழைய ஆள் பேரேட்டில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊர்ப் பெயர் கிடைத்தது. லீவு போட்டுக் கப்பலேறினார். அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை நிலக் கணக்கைப் புரட்டி, பெரிய வீட்டு மீனாட்சிசுந்தரத்தின் சித்தப்பாதான் இவருடைய தாத்தா என்றார். மீனாட்சிசுந்தரம் இவரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்க வைத்தே பேசினார். கொண்டுபோன பிஸ்கட் டின்னும் சுவர்க் கடிகாரமும் வெளியே வந்த பிறகு, "நம்ம பங்காளிதான்" என்று ஒத்துக்கொண்டார். அப்போதும் உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வேலாயுதம் கப்பலில் இருந்தவர்களிடம் அந்தப் பெரிய வீட்டின் தூண்களைப் பற்றியே பேசி உயிரை வாங்கினார்.

பெரிய வீட்டு வாரிசு என்றதும் கோயில் கமிட்டியும் மடங்கிவிட்டது. இந்த வருஷப் பரிவட்டம் அவருக்கே என்று முடிவாயிற்று. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தந்தி வந்தது. மீனாட்சிசுந்தரம் காலமாகிவிட்டார். பங்காளிகளுக்கெல்லாம் சேதி சொல்லும்போது பெரிய வீட்டார் இவரை மறக்கவில்லை.

துக்கம் விசாரிக்க முதல் ஆளாக வந்தவர் தம்புசாமி. முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பங்காளின்னா பதினாறு நாள் தீட்டுண்ணே, கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாது. பங்காளி இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா உள்ள வரலாம். ஆனா அப்புறம் பரிவட்டம் எதுக்கு?" என்றார்.

உட்காரக்கூடச் சொல்லாத மனுஷனுக்கு என்ன துக்கம் வேண்டிக்கிடக்கிறது, தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டுச் சாமியையாவது கும்பிடுங்கள் என்று மனைவி இராஜம்மா மன்றாடினாள். வேலாயுதம் ராத்திரி முழுக்கப் புரண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. விடிந்ததும் நாவிதரை வரவழைத்தார். தலைமுடியும் போயிற்று, மீசையும் போயிற்று.

தம்புசாமி பரிவட்டத்தோடு தேருக்கு முன்னால் நடந்தபோது வேலாயுதம் எதிர்ச் சாரியில் மொட்டைத் தலையோடு நின்றிருந்தார். அவரிடமே வேலை பார்க்கும் கூலியாள் ஒருவன் அடையாளம் தெரியாமல், வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தான்.

"எங்க பெரியப்பா. பெரிய வீட்டுக்காரரு" என்றார் வேலாயுதம். அதற்குப் பிறகு, கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.