சின்ன வீட்டுச் சாமான்கள்

டைலரம்மாவுக்குச் சந்தேகம் தொழிலோடு வந்த வியாதி. இடுப்பளவு எடுக்கும்போது வாடிக்கைக்காரிகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் மூச்சு விடும்வரை, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். அதே ஆட்கள் தைத்ததை வாங்க வரும்போது, "மிச்சத் துணி எங்கம்மா?" என்று மூலையிலிருக்கும் வெட்டுத்துணிக் கூடையை எட்டிப் பார்ப்பார்கள். இப்படிச் சந்தேகப்பட்டும் சந்தேகிக்கப்பட்டுமே பாதி ஆயுள் போய்விட்டது. புருஷனை மட்டும் அவள் அளந்து பார்த்ததே கிடையாது.

புருஷன் சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, நியூஸ், தூக்கம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் தையல் மெஷின்தான் வாய்விட்டுப் பேசியது. கரண்ட் போனால் தெருவே அவள் வாசலில் வந்து நிற்கும். "உங்க வீட்டுக்காரர்கிட்ட எப்ப வரும்னு கேளுங்களேன்." அவளும் போன் போடுவாள். "வரும்" என்பார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

மளிகைக்கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். "என்னக்கா, வீட்டுல விருந்தாளிங்களா? அண்ணன் மூட்டையா அரிசி, பருப்பு, கட்டுக்கட்டா மெழுகுவர்த்தின்னு அள்ளிட்டுப் போனாரே!"

அவள் வீட்டு அரிசி டப்பா அடி தட்டிக் கிடந்தது. அதை நிரப்பத்தான் கடைக்கே வந்திருந்தாள். "ஆமா, சொந்தக்காரங்க வர்றாங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு நடந்தாள். ஒளிப்பது அவர், முகம் சுடுவது தனக்கா என்று எரிச்சலாக வந்தது.

அப்புறம் கண் சும்மா இருக்குமா? பரணில் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பைக் காணோம். பழைய மெத்தையைக் காணோம். கேட்டால், "வாட்ச்மேனுக்குக் குடுத்தேன்" என்றார். மெத்தை சரி, அதோடு பூப்போட்ட உறையுமா? அவள் பார்த்துப் பார்த்துத் தைத்த உறை அது. ஹாலில் உட்கார்ந்தபடியே ரெண்டு வார்த்தையில் பேச்சை முடிக்கிற மனுஷன், இப்போது போன் அடித்தால் துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

ஒரு நாள் கொடிக்கு இந்தப் பக்கம், ஈரப் போர்வையை உதறாமல் அவள் நின்றாள்.

"சின்ன வீட்டுக்கு எல்லாம் சேந்தாச்சுப்பா. தண்ணி கேன்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடறேன். இல்ல, வீட்டுல சொல்லல. சொன்னா பயந்துக்குவா."

போர்வை நழுவி மண்ணில் விழுந்தது. சின்ன வீடு! இன்னொருத்திக்குத் தனிக்குடித்தனம் வைத்துக்கொடுப்பதை ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? அரிசி, அடுப்பு, மெத்தை என்று எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. மெழுகுவர்த்தி எதற்கு என்பது மட்டும் பொருந்தவில்லை. பொருந்தாத துண்டை ஓரத்தில் மடித்துத் தைத்துவிடுவது அவளுக்குப் பழக்கம்தான்.

மனசு தாங்காமல் நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் தம்பி மூஞ்சிக்கு நீ ஒருத்தி வாய்ச்சதே அதிசயம். இதுல ரெண்டாவது வேறயா?" சிரித்து முடித்தவர் சற்று யோசித்து, "ஆனாலும் நெருப்பில்லாம புகையாதுடி" என்று தன் பங்குக்கு ஊதியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டரில் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் தெருமுனையில் ஆட்டோ பிடித்தாள்.

"அந்த ஸ்கூட்டர் பின்னாலயே போப்பா."

"வீட்டுக்காரரா? கவலையே படாதீங்கம்மா, விடமாட்டேன்" என்றார் ஆட்டோக்காரர். அவருக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. அந்த இன்னொருத்தி எப்படி இருப்பாள்? வயது என்ன? இடுப்பளவு என்ன இருக்கும் என்றுகூடப் பாழும் மனசு கணக்குப் போட்டது. உண்மையாக இருந்துவிட்டால்? இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதா?

ஸ்கூட்டர் சப்-ஸ்டேஷன் கேட்டுக்குள் திரும்பியது. "என்னம்மா, வேலைக்குத்தான் வந்திருக்காரு!" என்றார் ஆட்டோக்காரர். அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

உள்ளே ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டை லைன்மேன் எதிரே வந்தான். "வாங்கண்ணி!"

"சின்ன வீடு எங்க இருக்கு?"

"பேட்டரி ரூமுக்குப் பின்னாடி" என்று வெகுளியாகக் கை காட்டிவிட்டு, வழிகாட்டக் கூடவே நடந்தான்.

ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் தள்ளினாள். சின்ன அறை. கட்டிலில் அவளுடைய பூப்போட்ட உறை. ஜன்னலோரம் அவளுடைய அடுப்பு. அரிசி மூட்டை, மெழுகுவர்த்திக் கட்டுகள், டார்ச் லைட். நடுவில் குத்தவைத்து, தண்ணீர் கேனைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்த புருஷன். வேறு யாரும் இல்லை. அவள் கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

லைன்மேன்தான் விளக்கினான். "ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுவர்ற பெரிய லைன் மொத்தமா விழுந்தா திரும்ப வர வாரக்கணக்காகும்னு மேலதிகாரிங்க பேசிக்கிறாங்கண்ணி. மாத்து ஆள் வராம ஷிப்ட்ல இருக்கறவன் நகரக்கூடாது. அதான் நாங்களே சேத்து வெச்சோம். இங்கயே குடித்தனம் பண்ணப் போறோம்ல, சும்மா தமாஷுக்குச் சின்ன வீடுன்னு பேரு."

அவள் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புருஷனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "சீ, அப்படியா நெனச்ச?" என்றார். காது சிவந்துவிட்டது. முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திடீரென்று அவள் சிரிப்பு நின்றது.

"வாரக்கணக்கான்னா, நீங்க இங்கயே இருப்பீங்க?"

"ஆமா."

"அப்ப நான்?"

அவர் கேனை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "கரண்டு வந்துடும்ல. அதுக்குத்தானே நாங்க இங்க இருக்கோம்."

"சொன்னா பயந்துக்குவேன்னு சொன்னீங்களே! சொல்லாம விட்டா பயப்படாம இருட்டுல உக்காந்திருப்பேனா? வீட்டுல ஒரு மெழுகுவர்த்தி இருக்கா? அடுப்பையும் தூக்கியாந்துட்டீங்க."

அவர் அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வஞ்சகம் எதுவும் இல்லை, மனுஷன் மறந்தே போயிருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். மறதிக்கு முடியா இருக்கிறது?

லைன்மேன் பக்கம் திரும்பினாள். "உன் வீட்டுல என்னப்பா இருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஏதாவது இருக்கும் அண்ணி."

"போன் போட்டுக் கேளு."

போட்டான். எதிர்முனையில் அவன் பெண்டாட்டியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மெழுகுவர்த்தியா? எதுக்கு? எங்க இருக்கீங்க?"

"சின்ன வீட்டுலதான்" என்றான் அவன், யோசிக்காமல்.

"எந்தச் சின்ன வீடு?" என்று போன் அலறியது. டைலரம்மா எழுந்து அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் பெரிய வீடு பேசறேம்மா. நல்ல பெரிய பையா எடுத்துக்கிட்டு உடனே சப்-ஸ்டேஷனுக்குக் கிளம்பி வா."