ஊதா என்றால் எந்த நிறம்

இரண்டு வாரம் என் தலை பொன்னிறமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று தெருவே கேட்டுவிட்டது, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் என் நாத்தனாருக்காகத்தான். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என் தலையை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் செம்பட்டை. பிறவியிலேயே அவள் முடி கருக்கவில்லை. எத்தனை எண்ணெய் வைத்தாலும் செம்பட்டை பாய்ந்துதான் கிடக்கும். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சின்ன வயதில் வைத்த பெயர் அது. என் கல்யாணத்தன்று அவளை எனக்குக் காட்டியதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அவள் சிரித்தாள். பிடித்துச் சிரிக்கிறாளா, வேறு வழியில்லாமல் சிரிக்கிறாளா என்று யோசிக்க எனக்கு அன்று நேரமில்லை. பிறகும் நான் யோசிக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்றே வருடத்தில் அந்த மனுஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஒரு பெட்டியும் ஒரு மேசைவிளக்குமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். "ஒரு மாசம் மட்டும் இருந்துட்டுப் போயிடறேன் அண்ணி" என்றாள். இருபது வருடம் ஆகிறது. அந்த இருபது வருடமும் என் முகம் மலர்ந்தே இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கதவை ஓங்கிச் சாத்தியிருக்கிறேன். பாத்திரத்தை நங்கென்று வைத்திருக்கிறேன். அவள் அதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தையல் மெஷின் வைத்திருந்த சின்ன அறையில், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள்.

அழகு நிலையம் ஒன்றில் தலை கழுவுகிற வேலை அவளுக்கு. பதினோரு வருடமாக அதே வேலை. தொட்டியில் சாய்ந்து கிடப்பவர்களைத் தலைகீழாகவே பார்த்துப் பழகி, தெருவில் நேராக எதிரே வந்தால் யாரென்று தெரியாமல் முழிப்பாள். அந்தக் கடையில் கண்ணாடிக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். இரண்டில் முடி வெட்டுவார்கள். மூன்றாவது கலர் நாற்காலி. அதில் வேலை பார்த்த பெண் ஊரை விட்டுப் போனதிலிருந்து துண்டுகள் அடுக்குகிற இடமாகிவிட்டது. செம்பட்டைக்கு அந்த நாற்காலிமேல் ஒரு கண். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தினமும் அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு நாற்காலியைத் துடைத்து மறுபடி அடுக்குகிறவள் அவள் ஒருத்திதான் என்று அவளே ஒருநாள் உளறினாள்.

முடியை வெளுத்துப் பொன்னிறமாக்கிக்கொள்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நாலு தடவை குளித்ததும் அந்தப் பொன் மங்கி, மஞ்சளடித்துப் போய்விடும். கடையில் அதைப் 'பித்தளை ஏறிடுச்சு' என்பார்கள். அதை இறக்குவதற்கென்றே ஒரு ஷாம்பூ இருக்கிறது. மஞ்சளை அடக்குகிற நிறத்தை அதில் கலந்திருப்பார்கள். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் அம்மாவும் அந்தக் கடையில் தலையை வெளுத்துக்கொள்கிறவர். அவருக்கு அந்த ஷாம்பூ பாட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, மண்டையெல்லாம் அரிப்பு. செம்பட்டை அவருக்காக வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் என்றால் என் சமையலறையில். வாசனையில்லாத வெள்ளை ஷாம்பூவைக் கிண்ணத்தில் ஊற்றி, முடிக்குப் போடும் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். கடைத் தரையிலிருந்து பொறுக்கி வந்த மஞ்சள் முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகக் கட்டி வைத்திருப்பாள். ஒரு கற்றையைக் கிண்ணத்தில் முக்கி, மூன்று நிமிடம் வைத்து, அலசி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பாள். "ஒவ்வொரு மஞ்சளும் வேற வேற அண்ணி. வாழைப்பழத் தோலோட உள்பக்கம் மாதிரி இருந்தா ரெண்டு சொட்டு போதும். முட்டைக்கரு மாதிரி இருந்தா அஞ்சு விடணும். கடை பாட்டிலுக்கு அது தெரியுமா?" என்பாள். பொதுவாக வாயே திறக்காதவள் இதைப் பற்றி மட்டும் மூச்சுவிடாமல் பேசுவாள்.

என் நல்ல கரண்டி போயிற்று. தொட்டி போயிற்று, குளியலறைச் சுவரும் போயிற்று. "என் வீடே கத்திரிப்பூ கலர்ல பூத்துக் கிடக்கு, நல்லா இருக்கா பாரு" என்று நான் கத்துவேன். அவள் உடனே எலுமிச்சையை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிடுவாள்.

தபால்கார அம்மா சும்மா இருந்தாரா? போகிற வாசலிலெல்லாம் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார். விஷயம் அழகு நிலையத்து முதலாளியம்மா காதுக்குப் போனது. அவர் செம்பட்டையைக் கூப்பிட்டு, "என் கடைக்கு வர்றவங்களுக்கு நீ வீட்டுல மருந்து காய்ச்சறியாமே? சரி, என் கண் முன்னால செஞ்சு காட்டு. வெளுத்த தலை ஒண்ணைக் கூட்டிட்டு வா. நல்லா வந்தா மூணாவது நாற்காலி உனக்கு. கெட்டுப்போச்சுன்னா இந்தக் கடையில உனக்குத் தலை கழுவுற வேலையும் கிடையாது" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. இந்த வயதில் இந்த வேலையும் போனால் மறுபடி யார் வாசலில் போய் நிற்பாள்? "யார் தலையை அண்ணி கூட்டிட்டுப் போவேன்? யாரு நம்பிக் குடுப்பா?" என்றாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. "ஏன், என் தலைக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது.

முதலாளியம்மாவே என் முடியை வெளுத்துவிட்டார். அன்று வீட்டுக் கதவைத் தட்டியபோது என் வீட்டுக்காரர் திறந்து பார்த்து, "யாரும்மா வேணும்?" என்றார். இரண்டு வாரத்தில் பித்தளை ஏறிவிட்டது. சனிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன் வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செம்பட்டையிடமிருந்து போன். "அண்ணி, சாயம் தீர்ந்துபோச்சு. எனக்கு இங்க நகர முடியல. வேலை முடிஞ்சு வரும்போது ஊதா ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடறீங்களா? ஊதா, மறந்துடாதீங்க."

இதில் மறக்க என்ன இருக்கிறது? வாங்கி வந்தேன். கடைக்காரர் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். இரண்டுமே பார்க்கக் கறுப்பாகத்தான் இருந்தன, மூடியில்தான் நிறம். சரியாக ஊதா மூடியைப் பார்த்துத்தான் எடுத்தேன். நான் பிறந்த வீட்டில் வானம் ஊதா, பேனா மை ஊதா, என் பள்ளிக்கூடப் பாவாடை ஊதா. அவள் வீட்டில் அதற்கெல்லாம் பெயர் நீலம். அவர்களுக்கு ஊதா என்றால் நான் சொல்கிற கத்திரிப்பூ கலர். இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எங்களுக்குள் இது ஒரு பேச்சாக வந்ததே இல்லை.

சாயங்காலம் அவசர அவசரமாகக் கலந்தாள். சமையலறை விளக்கு மஞ்சள் விளக்கு, அதில் எந்த நிறமும் ஒரு மாதிரியாகத்தான் தெரியும். "காலையில வெளிச்சத்துல கற்றையை முக்கிப் பார்த்துக்கறேன்" என்றாள். காலையில் நான் என் பித்தளைத் தலையை மறைக்க நல்ல துண்டாகத் தேடி அரை மணி நேரத்தைத் தின்றேன். கற்றையை முக்கிப் பார்க்காமலேயே பஸ்ஸுக்கு ஓடினோம்.

கடையில் என்னைத் தொட்டியில் சாய்த்து, ஷாம்பூவைப் போட்டுத் தேய்த்தாள். அவள் விரல் தலையில் பட்டதும் எனக்குத் தூக்கமே வந்தது. மூன்று நிமிடம் கழித்து அலசினாள். அலசிய கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் தலை பச்சை. குளத்துப் படிக்கட்டில் பிடிக்கிற பாசி இருக்கிறதே, அந்தப் பச்சை. முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு, "என்ன இது?" என்றார்.

செம்பட்டை பையிலிருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சை, அவளுக்கு ஒரே நொடியில் புரிந்திருக்கும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. 'வாங்கினது நான்தான்' என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன். ஊரையே வாயால் விரட்டுகிறவள், ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நான் கலந்ததும்மா. சோதிச்சுப் பார்க்காம தலையில வெச்சேன். என் தப்புதான். அரை மணி நேரம் குடுங்க, சரி பண்றேன்" என்றாள் அவள். பச்சையை அடக்கச் சிவப்பு வேண்டும் என்று கேட்டு, அலமாரியிலிருந்து எடுத்து, வெள்ளைக் கண்டிஷனரில் ஒரே ஒரு சொட்டு விட்டாள். இந்தத் தடவை என் பிடரியில் ஒரு சின்னக் கற்றையில் மட்டும் தடவி, பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் அரைச் சொட்டு. பிறகுதான் தலை முழுக்க. இரண்டு தடவை அலசி, காயவைத்து, சீவிவிட்டாள். வெள்ளி மாதிரி வரும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள், அது வரவில்லை. ஈர மணல் நிறம் வந்தது. பித்தளையும் இல்லை, பச்சையும் இல்லை.

முதலாளியம்மா என் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அதையும் பார்த்துவிட்டார். அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. "அம்மா, சாயத்தை மாத்தி வாங்கினது நான். அவ சரியாத்தான் சொன்னா, எனக்குத்தான் புரியல. அவளை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"வாங்கினது யாரா இருந்தா எனக்கென்ன? தலையில வெச்சது யாரு?"

"நான்தாம்மா" என்றாள் செம்பட்டை மறுபடியும்.

"கலர்னா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் சொதப்பத்தான் செய்யும். சொதப்பினதும் அடுத்தவங்க மூஞ்சியப் பார்க்கறவளை வெச்சு நான் என்ன பண்ண? இவ அப்படியில்ல" என்ற முதலாளியம்மா, நாற்காலியிலிருந்த துண்டுகளை அள்ளி என் மடியில் போட்டார். "இதுக்கு வேற இடம் பாருங்க. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இவளுக்கு இங்க ஆள் வருவாங்க."

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தம் வரை அவள் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். நிறுத்தத்தில் நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு அறிவிருக்கா?"

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"ஊதான்னு சொன்னா ஊதா வாங்க மாட்டியா? சந்தேகம்னா ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கு என்ன? அங்க பச்சைத் தலையோட கல்லு மாதிரி உக்காந்திருந்தியே, வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னிக்கு என்னை வெளிய தள்ளியிருந்தா நான் எங்க போவேன்னு ஒரு நிமிஷம் நினைச்சியா நீ?"

நிறுத்தத்தில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடம் என் வீட்டில் இருந்தும் இவள் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். போக வேறு இடமில்லாதவள் எப்படித் திட்டுவாள்?

திடீரென்று நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, மன்னிச்சுக்கோங்க அண்ணி. ஏதோ கோபத்துல உங்களை நீ, வான்னு..."

"'ங்க' எல்லாம் வேண்டாம்டி. நீன்னே சொல்லு" என்றேன். "இன்னும் ஏதாவது பாக்கி இருந்தா அதையும் சொல்லிடு."

இருந்தது. கதவைச் சாத்தியதில் ஆரம்பித்து, பாத்திரத்தை வைத்தது வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்தாள். பஸ் வந்து நின்றது. ஏறி, பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.